ஐந்நூறு கிராம் குதிரை

“ஏனுங் மேடம், தொறக்கறது செரி. இந்தப் புள்ளைக்கு மறுக்கா மூடத் தெரியுங்களா?”

குகட்பள்ளியிலிருந்து மகளின் ஏர் பிஸ்டலோடு வந்திருந்த பழனிச்சாமி சார் முதல் சந்திப்பிலேயே இப்படிக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. என் தலைக்கு மேலாக, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிரேஸ் மேடத்திடம் கேட்டார். நான் அதற்குள் பிஸ்டலின் காற்றுக் குப்பியைக் கழற்றி ஓரமாக வைத்து, குண்டு போடும் இடத்தைத் திறந்து உள்ளே பார்த்து, வழக்கப்படி உரக்க “காலி” என்றேன். கிரேஸ் மேடமும் எட்டிப் பார்த்து “காலி” என்றார்.

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “காலிங்களா? நேத்து வரைக்கும் சுட்டுதுங்களே!”

எங்கள் பட்டறையில் எந்தத் துப்பாக்கி மேசைக்கு வந்தாலும் இரண்டு பேர் உள்ளே பார்க்க வேண்டும், இரண்டு பேரும் வாய்விட்டு ‘காலி’ சொல்ல வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்று பொருள். அப்புறம்தான் ஒரு மஞ்சள் நிற பிளாஸ்டிக் கயிற்றைக் குழலில் நுழைத்துவிட்டு ஸ்க்ரூவைத் தொடலாம். உருதுக்காரர்கள், தெலுங்குக்காரர்கள் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. வாங்கிய பொருள் காலியாகிவிட்டது என்று பதறியவர் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்தான்.

அந்தப் பட்டறையில் எனக்கென்று இருந்த ஸ்டூலை விட்டு நான் இப்போது இறங்கிவிட்டேன். முப்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் ஓய்வு. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்கள் இருவரும், “நீங்கள் பட்டறையில் பார்த்ததை எல்லாம் எழுதி வையுங்கள் அக்கா” என்று பிடிவாதமாகக் கேட்டார்கள். நம் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதுகிறேன் என்றதும் இருவருக்கும் முகம் வாடிவிட்டது. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்கு அதுவும் வசதிதான். பயமில்லாமல் எழுதலாம்.

என் ஊர் செய்யாறு பக்கம். அப்பா ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார், அம்மா அதே தொழிற்பேட்டையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். பத்தாவது வரை ஊரில் விடுதியில் தங்கிப் படித்தேன். பிறகு இங்கே வந்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு. வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். அரம் பிடிக்கக் கற்றேன், கொப்புளம் வந்தது, போனது. படிப்பைப் பற்றி அவ்வளவுதான். சான்றிதழை அப்பா லேமினேட் செய்து காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். காலண்டர் வருஷா வருஷம் மாறுகிறது, அது அங்கேயே இருக்கிறது.

சைனிக்புரியில் ஒரு தனியார் துப்பாக்கிப் பயிற்சிக் கூடம். அதன் பின்கட்டில் இருந்த பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்து போனேன், எடுத்துக்கொண்டார்கள். என்ன வேலை என்று வீட்டில் கேட்டபோது, ஊர்ப்பக்கம் கொக்கு சுடுகிறவர்கள் சொல்லும் சொல்லிலேயே சொன்னேன்: “துப்பாக்கிக் குதிரையச் சரி பண்ற வேலம்மா.” விரலால் அழுத்தினால் சுடுகிறதே அந்த விசைக்குத் தமிழில் குதிரை என்றுதான் பெயர். அம்மா காதில் பாதிதான் விழுந்தது. மறுநாள் தெருவில் எல்லாருக்கும் என் மகள் குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறாள் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா “குர்ராலா?”, குதிரைகளா, என்று கண்ணை விரித்தாள். அந்த வாரமே அவள் வந்து, தம்பி கல்யாண பாராத் ஊர்வலத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரை குறைந்த வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள்.

“இன்னாடி சொல்றது அவளுக்கு?” என்றாள் அம்மா.

“நம்ம குதிரை அரைக் கிலோதான் இழுக்கும், மாப்பிள்ளை ஏறினா தாங்காதுன்னு சொல்லிடு.”

அரைக் கிலோ என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. அதுதான் எங்கள் தொழிலின் சட்டம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் குதிரை ஐந்நூறு கிராமுக்குக் குறைவான அழுத்தத்தில் விடக் கூடாது. அதைச் சோதிக்கும் முறை எளிது. பிஸ்டலைச் சுடத் தயாராக வைத்து, குழல் வானத்தைப் பார்க்க, மேசையில் இருக்கும் ஐந்நூறு கிராம் எடைக்கல்லின் கொக்கியைக் குதிரையின் நடுவில் மாட்டி, மெதுவாக மேலே தூக்குவார்கள். கல் மேசையை விட்டு எழும்ப வேண்டும். எழும்புவதற்குள் குதிரை ‘டக்’ என்று விட்டுவிட்டால் தோல்வி. மூன்று வாய்ப்பு.

சட்டம் அப்படி இருக்க, சுடுகிற எல்லாருக்கும் குதிரை முடிந்த அளவு லேசாக வேண்டும். அழுத்தம் கூடினால் கை அசையும், கை அசைந்தால் குறி தவறும். ஐந்நூறுக்கு ஒட்டி, அதே சமயம் ஐந்நூறுக்கு மேலே. எங்கள் பிழைப்பே அந்த மயிரிழையில்தான்.

கிரேஸ் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. ரயில்வே அணிக்காகச் சுட்டவர். யாரையும் உட்காரவைத்து எதையும் சொல்லிக்கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. நான் வேலையை முடித்து நீட்டினால், வாங்கிக்கொண்டு சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளுக்கு எதிரே நின்று, கண்ணை மூடி, குண்டில்லாமல் நாலைந்து தடவை அழுத்திப் பார்ப்பார். பிறகு இந்த ஊர் உருதுவில் ஒரே சொல். சரியாக இருந்தால் “ஹவ்.” சரியில்லை என்றால் “நக்கோ.” ஏன் நக்கோ என்று சொல்ல மாட்டார். ஒரு தடவை பொறுக்காமல் “ஏன் மேடம்?” என்று கேட்டேன். “கைக்கு கேக்குற? ஒனக்கு விரல் இல்ல?” என்றார். ‘கைக்கு’ என்றால் அதே உருதுவில் ‘ஏன்’.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “எடை எப்பவும் கடைசி. அதுக்கப்பறம் எதத் தொட்டாலும் மறுபடியும் எடை.”

நானாகச் சேர்த்த வழக்கமும் ஒன்று உண்டு. சரிசெய்து முடித்த ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுவேன். ஸ்க்ரூ இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கிரேஸ் மேடம் முதலில் பார்த்தபோது, “இது பட்டறையா, பியூட்டி பார்லரா? அடுத்தது மருதாணியா?” என்றார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

இப்போது பழனிச்சாமி சாரின் மகள். லாவண்யா, கல்லூரி மாணவி. அவளுடைய பிஸ்டல் வேறொருவர் பல வருஷம் சுட்டு விற்றது. நான் அதன் குதிரையை அழுத்திப் பார்த்தேன். நமுத்த முறுக்கு. கடித்தால் உடையாமல் வளைந்துகொண்டே போகுமே, அப்படி. நல்ல போட்டிக் குதிரை இரண்டு கட்டமாக வரும். விரல் வைத்ததும் கொஞ்ச தூரம் லேசாக வரும். பிறகு ஒரு சுவரில் மோதின மாதிரி நிற்கும். அங்கே நின்றுகொண்டு குறியைப் பார்க்க வேண்டும். குறி அமைந்த கணத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று உடைய வேண்டும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்து ஆறிய முறுக்கு மாதிரி.

பழைய உள்பாகத்தை எடுத்துவிட்டு அதே கம்பெனியின் போட்டித் தர பாகத்தைப் போடுவது என்று முடிவானது. மாட்டுவது சுலபம். அமைப்பதுதான் வேலை. லாவண்யாவை உட்காரவைத்து முதலில் அவள் விரலுக்குத் தகடு. விரல் படுகிற வளைந்த தகட்டை ஒரு சிறிய தண்டில் மேலும் கீழும் நகர்த்தி இறுக்கலாம். அவள் விரல் எங்கே இயல்பாக விழுகிறதோ அங்கே நிறுத்தினேன். பிறகு முதல் கட்டத்தின் நீளம். பிறகு சுவர். உடைந்த பிறகு குதிரை மேற்கொண்டு ஓடாமல் தடுக்கும் நிறுத்தம். கடைசியாக எடை, அதைச் சட்டத்துக்கு மேலே தாராளமாகவே வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கோடு. கிரேஸ் மேடம் கண்ணை மூடி அழுத்திப் பார்த்து “ஹவ்” என்றார். பழனிச்சாமி சார் மூடிய பிஸ்டலை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஸ்க்ரூ ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று என் மேசையையும் பார்த்தார்.

மாநில அணித் தேர்வு வந்தது. அந்த வருஷம் தேறாவிட்டால் படிப்பு, பிஸ்டல் இரண்டில் ஒன்றை விடச் சொல்வது என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. விடப்போவது எது என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். தேர்வுக்கு முந்தைய வாரம் போன் செய்தாள்.

“அக்கா, ட்ரிகர் கொஞ்செம் கிந்தகி பெடதாரா?”

லாவண்யாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். கொஞ்சம் கீழே வைக்கிறீர்களா என்கிறாள். பிஸ்டலைக் கொண்டுவந்த அப்பாவும் அதையே சொன்னார்: “கீழ எறக்கோணும்ங்களாமா.”

பட்டறையில் நாள் முழுக்கக் கேட்கிற வார்த்தை அது. கீழே இறக்கு, இன்னும் இறக்கு, அவளுக்கு எறக்கிட்டா எனக்கும் எறக்கு. எல்லாமே எடையைத்தான். இறக்கினேன். ஐந்நூறுக்கு ஒட்டி, எங்கள் எடைக்கல்லை ஒவ்வொரு தடவையும் தூக்குகிற கடைசி எல்லை வரை கொண்டுபோய் நிறுத்தினேன். இதைவிட நுணுக்கமாக இந்த ஊரில் யார் வைப்பார்கள் என்று எனக்கே என் கையை முத்தமிடத் தோன்றியது.

கிரேஸ் மேடம் கல்லைத் தூக்கிப் பார்த்தார். “தூக்குது. ஹவ்.” பிறகு வழக்கத்துக்கு மாறாக இன்னொரு வாக்கியம்: “ஆனா மூச்சு வாங்குது.”

தேர்வு நாளன்று நாங்களும் போயிருந்தோம். பரிசோதனை மேசையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி. பிஸ்டலை வாங்குவார், கல்லை மாட்டுவார், தூக்குவார். எழும்பினால் வாய் திறக்காமல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பித் தருவார். எழும்பாவிட்டால் மட்டும் எண்ணுவார். எதிரே நிற்பது யார் என்று நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

லாவண்யாவின் பிஸ்டல் மேசைக்குப் போனது. கல் மேசையை விட்டு எழும்பும் முன்பே ‘டக்’.

“ஒன்,” என்றார்.

மறுபடி மாட்டினார். ‘டக்.’

“டூ.”

மூன்றாவதற்கு முன் சரிசெய்துகொண்டு வரலாம் என்று பிஸ்டலைத் தள்ளிவிட்டு அடுத்தவரை அழைத்தார். இன்னொரு எண் விழுந்தால் அன்றைக்கு லாவண்யா சுட முடியாது. பழனிச்சாமி சார் நேராக என்னிடம் வந்தார்.

“நா அன்னிக்கே கேட்டனுங்க. மூடத் தெரியுமான்னு கேட்டனா இல்லீங்களா?”

பழுது பார்ப்பதற்கு என்று ஒதுக்கியிருந்த மூலைக்குப் போனேன். பிஸ்டலைத் திறந்து உள்ளே பார்த்தேன். “காலி” என்றேன். லாவண்யா எட்டிப் பார்த்து அழுகிற குரலில் “காலி” என்றாள். எடை ஸ்க்ரூவைப் பார்த்தேன், சிவப்புக் கோடு முழுசாக இருந்தது. சுவர், நிறுத்தம், எல்லாம் முழுசு. தகட்டின் ஸ்க்ரூவில் மட்டும் கோடு உடைந்திருந்தது. பாதிக் கோடு ஸ்க்ரூ தலையில், மீதிப் பாதி தகட்டில், ஒன்றையொன்று பார்க்காமல் கோபித்துக்கொண்டு நின்றன.

“இத யாரு தொட்டது?”

“சாமி சத்தியமா நா தொடலீங்க!” என்றார் அப்பா.

“நேனே அக்கா,” என்றாள் லாவண்யா. “கிந்தகி பெட்டமன்னானு. மீரு பெட்டலேது கதா! ஸோ நானே ஆலன் கீ வெச்சு…” கீழே வைக்கச் சொன்னேன், நீங்கள் வைக்கவில்லையே என்கிறாள். மீதியைச் சொல்ல அழுகையில் அவளுக்குத் தமிழே வந்துவிட்டது.

அப்போதுதான் விளங்கியது. அவள் கேட்ட ‘கிந்தகி’ எடைக்கு இல்லை, தகட்டுக்கு. அவள் பிடியைப் புதிதாக மாற்றியிருந்தாள், விரல் முன்பைவிடக் கீழே விழுந்தது, தகட்டையும் அங்கே இறக்கக் கேட்டிருக்கிறாள். நான் எடையை இறக்கி அனுப்பினேன். தகடு பழைய இடத்திலேயே இருப்பதைப் பார்த்து அவளே அதை இறக்கிக்கொண்டாள். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் கனக்கும், பிடிப் பக்கம் தள்ளினால் தானே திறக்கும் இல்லையா? குதிரையின் கீல் மேலே இருக்கிறது. தகடு கீழே போகப் போக அதே கல் குதிரையைச் சுலபமாக இழுத்துவிடும். நான் ஒரு தடவை இறக்கியிருக்கிறேன், அவள் ஒரு தடவை இறக்கியிருக்கிறாள். இரண்டு கீழும் சேர்ந்து சட்டத்துக்குக் கீழே போய்விட்டது. எடை எப்பவும் கடைசி.

தகட்டைப் பழையபடி மேலே ஏற்றினால் கல் எழும்பும். ஆனால் விரல் இடறும். தகட்டை அங்கேயே விட்டு எடையைக் கூட்டினால் விரல் சரியாக உட்காரும், ஆனால் இந்த வாரம் பழகிய லேசு போய்விடும்.

“ரெண்டுல ஒண்ணு சொல்லு. சீக்கிரம்.”

“ரெண்டும் வேணும் அக்கா.”

“லாவண்யா!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தகட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். “கிந்தனே உண்டனீ.” கீழேயே இருக்கட்டும்.

எடை ஸ்க்ரூவை முறுக்கினேன். இந்த முறை மயிரிழை வித்தை எல்லாம் காட்டவில்லை, தாராளமாகவே முறுக்கினேன். அவள் குண்டில்லாமல் அழுத்திப் பார்த்து “ஹெவீ அக்கா!” என்று உதட்டைப் பிதுக்கினாள். பின்னாலிருந்து ஒரு கை பிஸ்டலை வாங்கியது. ஒரு கையில் டீ கிளாஸோடு கிரேஸ் மேடம். கண்ணை மூடி ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

“ஹவ்,” என்றார். “இப்ப மூச்சு வாங்கல. ஒனக்கு வாங்குதுன்னா தண்ணி குடி.”

மேசையில் கல் எழும்பி, ஒரு சுற்று ஆடி, நின்றது. அதிகாரி ஸ்டிக்கரை ஒட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

லாவண்யாவின் பயிற்சிக் குண்டுகள் தாளெல்லாம் சிதறின. நான் பார்க்காமல் கிரேஸ் மேடத்தின் டீயை வாங்கிக் குடித்தேன். கணக்கில் எடுக்கும் சுற்று தொடங்கியதும் அவள் ஒவ்வொரு குண்டுக்கும் கையைக் கீழே இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்கினாள். விரல் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கனத்த குதிரை அவளை அவசரப்படவும் விடவில்லை. அணியின் கடைசி இடத்தில், தொங்கிக்கொண்டு, உள்ளே நுழைந்தாள்.

பழனிச்சாமி சார் ஒரு பெட்டி நிறைய உஸ்மானியா பிஸ்கட்டோடு வந்தார். இந்தத் தடவை என் தலைக்கு மேலே பார்க்கவில்லை. “மூடத் தெரியுமுங்க. ஒத்துக்கறனுங்க,” என்றார்.

“புரியத்தான் கொஞ்சம் நேரமாகுது சார்,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கண் அந்தப் பரிசோதனை மேசையிலேயே இருந்தது. ஊரே கெஞ்சினாலும் அந்தக் கல் ஒரு கிராம் கூடுவதில்லை, குறைவதில்லை. ஜீடிமெட்லாவிலிருந்து வந்ததா, பணக்கார ஜூபிலி ஹில்ஸிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. மயிரிழை வரை வைக்கத் தெரிந்த கை, அந்த மயிரிழையைப் பிடிக்கவும் உட்கார வேண்டாமா? திரும்பி வரும் வழியில் கிரேஸ் மேடத்திடம் சொன்னேன், அந்த அதிகாரியின் நாற்காலி எனக்கு வேண்டும் என்று.

“அப்ப இந்த ஸ்டூல் நக்கோ,” என்றார். “ஒரே கையால ரிப்பேரும் பண்ணி, டெஸ்ட்டும் பண்றதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

அதிகாரிகளுக்கான வகுப்பில் சேர்ந்தேன், தேர்வு எழுதினேன், தேறினேன். கிரேஸ் மேடத்திடம் பட்டறைச் சாவியையும் நெயில் பாலிஷ் புட்டியையும் ஒப்படைத்தேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். புட்டியைப் புதிய பெண்களிடம் கொடுத்து, “கோடு நேரா இருக்கணும்,” என்றார். வீட்டில் சேதி சொன்னபோது அம்மா கேட்டாள்: “அப்ப குதிரைய விட்டுட்டியா?” விடவில்லை அம்மா, இனிமேல் எல்லாருடைய குதிரையும் என்னிடம்தான் வரும் என்றேன். அவள் அதைத் தெருவில் எப்படிச் சொன்னாளோ தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் தலை நிமிரவில்லை. பிஸ்டல்கள் வந்தன, கல் எழும்பியது, ஸ்டிக்கர் ஒட்டினேன். அப்புறம் ஒரு பிஸ்டல் வந்தது. ஸ்க்ரூக்களில் புதிய பெண்கள் இழுத்த சிவப்புக் கோடுகள், ஒன்றுகூட உடையாமல், நேராக. கீழே இறக்கிய தகடு. வரிசையின் பின்னாலிருந்து “ஏனுங், மேசைல உக்காந்திருக்கறது நம்ம புள்ளைதானுங்க!” என்று ஒரு குரல் பெருமையாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது.

கொக்கியை நடுவில் மாட்டினேன். மெதுவாகத் தூக்கினேன்.

‘டக்.’

“ஒன்,” என்றேன்.